இடக்கைக் காப்பு

கோமளவல்லி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஷூட்டிங் போகிறாள் என்ற செய்தியைப் பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டின் நான்கு மாடிகளுக்கும் கொண்டு சேர்த்தவள் எதிர்வீட்டுப் பவுனம்மாள். செய்தியில் பொய் இல்லை. கேட்டவர்கள்தான் தங்கள் ஆசைக்குத் தகுந்தபடி புரிந்துகொண்டார்கள். நம்மவர்களுக்கு ஷூட்டிங் என்றால் சினிமா ஒன்றுதானே! இரண்டாம் மாடி ராதாகிருஷ்ணன் அவளைப் படிக்கட்டில் நிறுத்தி, "எந்தப் படம்மா? ஹீரோயினா, தோழியா?" என்று கேட்டார். அவள் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள். முதல் படத்திலேயே தலைக்கனம் என்று முடிவாயிற்று.

மூன்று மாதம் கழித்து, பத்திரிகையின் உள்பக்கத்தில் தபால்தலை அளவு படம் ஒன்று வந்தது. கோமளா கையை நீட்டி, ஒற்றைக் கண்ணால் எதையோ முறைத்துக்கொண்டிருந்தாள். கையில் பிஸ்டல். மர்மம் தீர்ந்ததில் யாருக்கும் சந்தோஷம் இல்லை. "துப்பாக்கியா? அதுக்குச் சினிமாவே தேவலைலா" என்றாள் பவுனம்மாள்.

அது ஐந்து வருடத்துக்கு முந்தைய கதை. இப்போது 1989 ஜனவரி. கோமளாவுக்கு இருபத்துநாலு வயது. பார்த்தால் நாற்பது என்று சொல்லும் களைப்பு. காலை ஐந்தரைக்கு எழுந்து, இரண்டு பஸ் மாறி, போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கு ஆபீஸில் டைப் அடித்துவிட்டு, மறுபடியும் இரண்டு பஸ் மாறி வீடு வந்து சேரும்போது தெருவிளக்கு எரியத் தொடங்கியிருக்கும். சனி மத்தியானமும் ஞாயிறும் சுபாங் பக்கத்துச் சுடுதிடல். பிஸ்டலை வீட்டுக்குக் கொண்டுவரச் சட்டம் இடம் கொடுக்காது. அது திடலின் இரும்பு அறையிலேயே உறங்கும். அதனால் மற்ற நாட்களில் வீட்டில் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிக் கையை நீட்டிப் பிடித்து, சுவரில் ஒட்டிய கறுப்புப் புள்ளியைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் அசையாமல் நிற்பாள். இறக்குவாள். மறுபடி தூக்குவாள். ஜன்னல் வழியாக இதைப் பார்த்த பவுனம்மாள், "பொண்ணுக்குச் சுவத்த தேய்க்கிற வியாதி" என்று சொல்லி வைத்தாள்.

இந்த விளையாட்டுக்கு அவள் ஆசைப்பட்டு வந்தவளும் இல்லை. கூட டைப் அடித்த தோழி ஒருத்தி போலீஸ் தொண்டர் படையில் சேர்ந்தாள். துணைக்கு இவளும் போனாள். தோழி இரண்டே வாரத்தில் நின்றுவிட்டாள். நிற்பதற்கு ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும் என்றார்கள். கோமளாவுக்கு அலுப்பாக இருந்தது. அப்படியே தங்கிவிட்டாள். சுடக் கற்றுக்கொடுத்தவர் சார்ஜன் ஜெயராஜ். முதல் நாள் அவள் இடது கையில் பிஸ்டலை எடுத்ததும், "அந்தக் கை இல்லம்மா, சோத்துக் கை" என்றார். சோத்துக் கையால் சுட்டாள். குண்டுகள் மண்மேட்டுக்குப் போயின. "சரி, ஒன் இஷ்டக் கையிலயே சுடு, புள்ள" என்றார். பத்துக் குண்டும் இலக்கின் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. ஜெயராஜ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். அடுத்த மாதம் அவரே மரக்கட்டையைச் செதுக்கி, இடது கைக்கு என்றே ஒரு பிடி செய்து பிஸ்டலில் பொருத்திக் கொடுத்தார்.

இடக்கைப் பழக்கத்தை ஒழிக்க அவள் அம்மா வள்ளியம்மா படாத பாடு இல்லை. சின்ன வயதில் இடது கையால் சோற்றைத் தொட்டால் அகப்பைக் காம்பு பேசும். சாப்பாடும் எழுத்தும் வலது கைக்கு வந்துவிட்டன. மற்றவையெல்லாம் இடது கையிலேயே ஒளிந்துகொண்டன.

திறமை உண்டு, ராசி இல்லை என்பது பிளாட்டின் தீர்ப்பு. பெண்கள் அணியில் மூன்று பேருக்குத்தான் இடம். தென்கிழக்காசிய நாடுகளின் சீ விளையாட்டு பேங்காக்கில் நடந்தபோது, அதற்கான தேர்வில் கோமளா நாலாவது. ஜகார்த்தாவுக்கு நடந்ததிலும் நாலாவது. நாலாவது ஆளுக்கு ரிசர்வ் என்று பெயர். ரிசர்வுக்கு முதுகில் MALAYSIA என்று எழுதிய டிராக்சூட் உண்டு; பிளேன் டிக்கெட் இல்லை. இரண்டு டிராக்சூட்டும் வீட்டில் கிடந்தன. ஒன்றை வள்ளியம்மா மழை நாளில் மாட்டிக்கொண்டு பாசாருக்குப் போவாள். மீன்காரன், "ஆன்டி, என்ன கேம்?" என்று கேட்பான். "நாலாம் நம்பர் கேம்" என்பாள் வள்ளியம்மா, மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தபடி.

இந்த வருடம் ஆகஸ்டில் சீ விளையாட்டு கோலாலம்பூரிலேயே. அணித் தேர்வு இந்த மாதமே. கோமளா யாரிடமும் சொல்லாமல் ஒரு முடிவு எடுத்திருந்தாள். இதிலும் நாலாவது வந்தால், திடலில் தன் பெட்டியின் சாவியை ஜெயராஜிடம் கொடுத்துவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்குவது. ஐந்து வருடத் தூக்கம் பாக்கி இருந்தது.

வள்ளியம்மாவும் ஒரு முடிவு எடுத்திருந்தாள். அதை எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். தேர்வானால் மகள் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுப்பாள். காரியம் நடந்த பிறகு வேண்டுதலைச் செலுத்துவதுதான் உலக வழக்கம். ஆனால் அவளுடைய காலமான புருஷன் கன்னையா ரயில்வே ஆபீஸில் பியூனாக இருந்தவர். முப்பது வருடம் அவரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு, எந்தக் கோப்பும் கூடவே ஆள் நின்றால்தான் நகரும் என்று தெரியும். "முருகனுக்கு ஆயிரம் பைலு இருக்கு. நாமதான் முன்னாடியே போயி நிக்கணும்" என்றாள். ஆகவே தேர்வுக்கு முந்தைய வெள்ளிக்கிழமையே மகளுக்குக் காப்புக் கட்டி, விரதம் தொடங்கிவிடுவது என்று ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை கோமளா இரண்டு பஸ்ஸின் புழுதியோடு வந்து இறங்கியபோது, அம்மா கோயில் கூடையோடு பஸ் ஸ்டாப்பிலேயே நின்றிருந்தாள்.

"வீட்டுக்குப் போயி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வரேம்மா."

"குடிச்சா படுத்துருவே. நட."

வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு பலம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, சரி என்பதே சுலபம் என்று கோமளா நடந்தாள். கோயிலில் பூசாரி மஞ்சள் துண்டு முடிந்த கயிற்றை எடுத்து, "ஆம்பளைக்கு வலது, பொம்பளைக்கு இடது. கைய நீட்டும்மா" என்றார். தூக்கக் கலக்கத்தில் நீட்டினாள். மூன்று முடிச்சு. "பால்குடம் இறக்குற வரைக்கும் கழட்டக் கூடாது. தீட்டு வீடு ஆகாது. கவுச்சி ஆகாது" என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். சுடும் போட்டி ஆகுமா ஆகாதா என்பது அவர் பட்டியலில் இல்லை.

சுடும் கையில் கடிகாரமோ வளையலோ கூடாது என்ற விதி கோமளாவுக்கு மனப்பாடம். கடிகாரத்தையே அவள் வலது கையில்தான் கட்டுவாள். ஆனால் காப்பு என்பது கழற்றும் பொருள் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. தோல் மாதிரி அதுவும் கையோடு சேர்ந்தது. சனிக்கிழமை ஆபீஸில் சரக்கு வந்து குவிந்ததால் திடலுக்குப் போகவும் முடியவில்லை. ஞாயிறு காலை, தேர்வுப் போட்டிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போதுதான் விஷயம் வெடித்தது.

நடுவர் ஒரு மலாய்க்கார அதிகாரி, தங்கமான மனிதர். ஒவ்வொருவரின் பிஸ்டலையும் தூக்கிப் பார்த்து, மணிக்கட்டைப் பார்த்து, தலையாட்டிக்கொண்டே வந்தார். கோமளாவிடம் வந்ததும் தலை ஆடவில்லை. மஞ்சள் கயிற்றைப் பேனாவால் தொட்டு, இது என்ன என்று கேட்டார்.

கோமளா வாய் திறப்பதற்குள் ஜெயராஜ் ஓடி வந்துவிட்டார். அவர் கிறிஸ்துவர். காப்பு என்ற சொல்லை அவருடைய வீட்டில் குழந்தைக்குப் போடும் வெள்ளி வளையலுக்குத்தான் சொல்வார்கள். அதை அப்படியே மலாயில் பெயர்த்தார். "கெலாங், துவான். கெலாங் செம்பாயாங்." வளையல் ஐயா, சாமி வளையல்.

நடுவர் விதிப்புத்தகத்தைப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தார். வளையல் கூடாது என்று அச்சிட்டே இருந்தது. கயிறு என்று சொல்லியிருந்தால் அந்த நல்ல மனிதர் ஒருவேளை தலையாட்டிவிட்டு நகர்ந்திருப்பார். வளையல் என்று சாட்சியே சொன்ன பிறகு அவர்தான் என்ன செய்வார்! "தா போலே" என்றார். முடியாது. கழற்றிவிட்டுச் சுடலாம், இல்லையென்றால் விலகலாம். பத்து நிமிஷம்.

"மேல ஏத்தி விட்டுறேன் அண்ணே, முழங்கைக்கு மேல."

"கை முழுக்கத்தான்மா ரூல். கையே கூடாதுன்னு போடல, அது மட்டுந்தான் மிச்சம்."

"அப்ப சோத்துக் கையில சுட்டா?"

"பிடி இடது கைக்குச் செதுக்கினதுலா. வலது கையில பிடிச்சா பென்சிலக் கால்ல பிடிச்ச மாதிரி இருக்கும்." ஜெயராஜ் சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தார். அவள் மணிக்கட்டைப் பார்த்தார். கத்தரியை அவள் பக்கமே நீட்டினார். "என்னால முடியாது தாயி. நாளைக்கு ஒங்கம்மா எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னா, என் பொண்டாட்டி என்னை உள்ள விடமாட்டா."

கோமளா பெஞ்சில் உட்கார்ந்தாள். விலகிவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. சாமி காரியம். ரிசர்வாகக்கூட இருக்க வேண்டாம். சாவியைக் கொடுத்துவிட்டு இப்போதே பஸ் ஏறினால் மத்தியானம் தூங்கலாம். இவ்வளவு நல்ல சாக்கு இந்த ஐந்து வருடத்தில் கிடைத்ததே இல்லை. அந்தச் சாக்கு அவ்வளவு கச்சிதமாக இருந்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. நாலாவதாக வந்து நிறுத்துவது வேறு. சுடாமலே நிறுத்தினால் தான் எத்தனையாவது என்று தெரியாமலே போய்விடும். அந்தச் சந்தேகத்தோடு ஞாயிற்றுக்கிழமைகளில் தூக்கம் வராது.

வலது கையால் கத்தரியைப் பிடித்தாள். அந்தக் கைக்குச் சோறு எடுக்கத் தெரியும், எழுதத் தெரியும், வெட்டத் தெரியாது. மூன்று தரம் வழுக்கியது. நாலாவது தரம் அறுந்தது. கயிற்றைக் கீழே விழாமல் பிடித்து, சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள்.

முதல் குண்டு ஏழு. மனசு முருகனிடம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டாவது எட்டு. அதற்குப் பிறகு பயப்படவும் தெம்பில்லை. தூக்கினாள், சுட்டாள், இறக்கினாள். இஸ்திரிப்பெட்டியைத் தூக்குவதும் இதுவும் ஒன்றாகவே இருந்தது. அறுபதாவது குண்டு முடிந்து அட்டைகளை எண்ணிப் பட்டியலை ஒட்டியபோது அவள் பெயர் மூன்றாவதாக இருந்தது. நாலாவது ஆளைவிட இரண்டு புள்ளி கூட.

ஜெயராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. கோமளா, "தண்ணி இருக்காண்ணே?" என்றாள்.

"அடுத்த வாரத்துலேர்ந்து கேம்ப்பும்மா. தைப்பூசத்துக்கும் லீவு இல்லையாம். பால்குடத்துக்கு என்ன செய்யப் போற?"

கோமளா தண்ணீரைக் குடித்துவிட்டுப் பையைத் தூக்கினாள். பஸ்ஸில் தூங்கி, பிரிக்பீல்ட்ஸைத் தாண்டிப் போய் இறங்கித் திரும்பி நடந்தாள்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. அம்மாவோடு பவுனம்மாள் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். உரிக்க அவள் வீட்டிலும் காய் உண்டு. செய்தி இங்கேதான் வரும்.

"என்னாடி ஆச்சு?" என்றாள் வள்ளியம்மா.

"மூணாவது."

வள்ளியம்மா மடியில் இருந்த காயெல்லாம் சிதற எழுந்தாள். "பாத்தியா பவுனு! பாத்தியா! காப்புக் கட்டி மூணு நாளு ஆகலே. பைலு நகந்திருச்சு!"

பவுனம்மாளின் கண் கோமளாவின் மணிக்கட்டில் நின்றது. அந்தக் கண்ணுக்குப் பிஸ்டல் கொடுத்திருந்தால் முதலிடமே வந்திருக்கும். "காப்ப எங்க காணோம்?"

பஸ்ஸில் எங்கேயோ அறுந்து விழுந்தது என்று சொல்லலாம். அதற்கும் கதை கட்ட வேண்டும். கட்டினதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கோமளாவால் ஆகவில்லை. "அறுத்துட்டேன். அதோட சுட விடமாட்டேன்னுட்டாங்க" என்றாள்.

"அய்யோ, சாமி குத்தம்லா!" பவுனம்மாள் எழுந்தே விட்டாள். நான்கு மாடிக்கும் நடக்க வேண்டுமே.

வள்ளியம்மாவின் முகம் ஒரு தரம் வெளுத்தது. பிறகு அவள் பவுனம்மாள் பக்கம் திரும்பினாள். "நாந்தான் அறுக்கச் சொன்னேன்."

"நீயா?"

"ஆமா. கைய மறிச்சா அறுத்துடுன்னு காலையிலயே சொல்லித்தான் அனுப்பினேன். வேண்டுதலு என்னோடது. பால்குடம் நான் எடுக்குறேன். போயி எல்லார்கிட்டயும் சொல்லு. சரியாச் சொல்லு."

பவுனம்மாள் போனாள். சரியாகவே சொன்னாள். ஆனால் யாரும் நம்பவில்லை.

கதவைச் சாத்திவிட்டு வள்ளியம்மா மகளை ஏறிட்டாள். "கயித்த எங்க போட்ட?"

கோமளா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அம்மா அதை வாங்கிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் கோமளாவுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"ஒனக்கு முட்டி வலி இருக்கும்மா. பத்துமலையில இருநூத்தி எழுபத்திரெண்டு படி."

"எனக்கு எண்ணத் தெரியும்."

மறுநாள் முதல் வள்ளியம்மா கீழிருந்து மூன்றாம் மாடி வரை, தலையில் தண்ணீர்ச் செம்போடு ஏறி இறங்கத் தொடங்கினாள். ஒரே வீட்டில் இரண்டு பேருக்குப் பிராக்டிஸ் என்று பிளாட்டே சிரித்தது. அன்று சாயங்காலம் கோமளா வேலை முடிந்து வந்தபோது, அம்மா இரண்டாம் மாடித் திருப்பத்தில் செம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கோமளாவும் பைக்கட்டை இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ராதாகிருஷ்ணன் அவர்களைத் தாண்டிக்கொண்டு மேலே போனார்.

"ஏறுவோமாம்மா?"

"நீ மொதல்ல எந்திரி."

"நீ எந்திரி."

யாரும் எழவில்லை.