வெல்லம் கரையும் வரை

…கரைந்துவிடுமா என்ன, வெல்லம் கரைகிற மாதிரி இளம்பிள்ளை வாதம் கரையுமா, பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு தை அமாவாசைக்கும் இந்தத் திருவள்ளூர்க் குளத்தில் கரைத்தாயிற்று, வெல்லம் போய்விடுகிறது, கால் மட்டும் இரும்புச் சட்டத்துக்குள் குச்சியாக அப்படியே... கோதைநாயகி படியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த வெல்லக்கட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சட்டத்தின் வார்களைத் தளர்த்தினாள். வியாதி தீர வந்த கூட்டம் முழுவதும் அவள் காலைத்தான் பார்த்தது. இரும்பைத் தொட வந்த குழந்தையை அதன் தாய் வெடுக்கென்று இழுத்து, "தொடாத, ஒட்டிக்கும்" என்றாள். எது ஒட்டிக்கொள்ளும், இரும்பா? வெல்லம் விற்கும் கங்கம்மா சிரித்தாள். "இன்னா பாப்பா, கொளமே பாயசமாப் பூட்ச்சி, உன் காலு மட்டும் அப்டியே கீதே! தனியாவா வந்துகீறே?" தனியாகத்தான். எப்போதும் கூட வரும் அம்மா இன்று வரவில்லை, தங்கை கோமளாவைப் பெண் பார்க்க வருகிறார்கள், மாப்பிள்ளைக்குக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக எழும்பும் தொழிற்சாலையில் உத்தியோகம். விடிந்ததும் அப்பா அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார், "கோதே, ஸ்நானம் பண்ணிட்டு அங்கேயே இரு, ராமஸ்வாமி மாமா வந்து அழைச்சுண்டு போவார்." மாற்றுப்புடவை என்று அம்மா கொடுத்த பை ஏன் இத்தனை கனம்...

அவள் மேல் நிழல் விழுந்தது. பட்டுப்புடவை, வைரத்தோடு, கையில் வெல்லக்கட்டி, பின்னால் ஓர் இளைஞன். "இந்தாம்மா, அந்தண்டை திரும்பி உக்காந்துக்கோ, நல்ல காரியமாப் போயிண்டிருக்கோம், எதிர்ல இப்படியா?" சொல்லிக்கொண்டே ஒரு வாழைப்பழத்தை அவள் மடியில் போட்டாள் அந்த மாமி, மேல்படியில் வரிசையாக உட்கார்ந்திருந்த பிச்சைக்காரர்களுக்குப் போட்டுக்கொண்டு வந்த அதே கையால். இளைஞன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாமி வெல்லத்தைக் கரைத்துக் கும்பிட்டு, கங்கம்மாவிடம் கேட்டாள், "கோவில்ல கைங்கர்யம் பண்றாரே கிருஷ்ணஸ்வாமி, அவாத்துக்கு எப்படிப் போகணும்?" கங்கம்மா வாயைத் திறந்தாள், கோதையைப் பார்த்தாள். சொல்லிவிடுவாளோ, இதோ குந்திகினு கீதே அவரு பெரிய பொண்ணு என்று... "தேரடியைத் தாண்டி ரெண்டாவது ஆம், வாசல்ல நந்தியாவட்டை இருக்கும்" என்றாள் கோதை அவசரமாக. மாமி திகைத்துத் திரும்பினாள். "அட, நம்மவாளா! போன ஜன்மத்துல என்ன பண்ணித்தோ... அவாத்தைத் தெரியுமா உனக்கு? ஒரே பொண்ணுன்னு சொன்னாரே?"

ஒரே பெண். அப்பா எப்போது சொன்னார், சொல்லும்போது அம்மா பக்கத்தில் இருந்தாளா, கோமளா கேட்டுக்கொண்டிருந்தாளா... இந்த மாமியின் வீட்டிலா கோமளா வாழப் போகிறாள், நாளைக்கு அவளுக்கே கை கால் ஏதாவது...

"தெரியும்" என்றாள் கோதை. "ஒரே பொண்ணுதான்."

அவர்கள் படியேறிப் போனார்கள். கங்கம்மா சிரிப்பை விட்டுவிட்டு வெல்லத்தட்டில் ஈ விரட்டினாள். கோதை பையை அவிழ்த்தாள். ஒன்றல்ல, ஐந்து புடவைகள், சீப்பு, வாருக்குப் போடும் எண்ணெய், தலையணையடியில் வைத்திருந்த, பனி பெய்கிற தேசத்துக் கதைப் புத்தகம்கூட. குளிக்க வருகிறவளுக்குப் புத்தகம் எதற்கு? அழைத்துக்கொண்டு போவார் என்றாரே அப்பா, வீட்டுக்கு என்று சொன்னாரா? மேல்படியில் ராமஸ்வாமி மாமாவின் கறுப்புக் குடை தெரிந்தது, பக்கத்தில் ஒரு ஜட்கா. வெல்லக்கட்டியை எடுத்துத் தண்ணீருக்குள் விட்ட கையில் அதன் முனைகள் மழுங்கிக்கொண்டிருந்தன, அம்மா இன்றைக்கு எது கரைய வேண்டுமென்று இதைக் கொடுத்தனுப்பினாள்... கோதை விரல்களை இறுக்கி மூடிக்கொண்டாள். மூடிய கைக்குள்ளும் அது கரைந்துகொண்டுதான் இருந்தது.