நாற்பத்தொரு நிமிடக் குறட்டை

பென் டிரைவைப் பிடுங்குவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். விளையாட்டில்லை. பெங்களூருவில், ஜிகணிப் பக்கம் ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் ஒன்பது வருடமாக இதுதான் என் வேலை. கணினி எழுதிக்கொண்டிருக்கும்போதே, சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்க வேண்டும். கணினி பதறக் கூடாது, உறைந்து நிற்கக் கூடாது. போனது போய்விட்டது என்று குறித்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும். சிவானந்த் போனபோது என் நாத்தனார்களும் எனக்கு இதையேதான் சொன்னார்கள்.

சிவானந்த் என் கணவர். குறட்டை மன்னன். ஒப்புக்கொள்ளத்தான் மாட்டார். பொறுக்க முடியாமல் ஒருமுறை நாற்பத்தொரு நிமிடம் என் போனில் பதிவு செய்து, ‘சாட்சி’ என்று பெயர் வைத்தேன். காலையில் காபியோடு போட்டுக் காட்டினேன்.

“இது பக்கத்து வீட்டு மிக்சி, வேணி,” என்றார் மனுஷன்.

நடுநடுவே அவருக்கு மூச்சு நின்றுபோகும். தோளில் தட்டுவேன். புரண்டு படுத்து மறுபடி ஆரம்பிப்பார். போன தசராவுக்கு மறுநாள், தாவணகெரேயில் தன் அண்ணன் வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டார். தட்டுவதற்கு நான் பக்கத்தில் இல்லை.

அதன்பிறகு அந்தப் பதிவைத் தலைமாட்டில் ஓடவிட்டால்தான் எனக்குத் தூக்கம். இதை யாரிடமும் சொன்னதில்லை. சிரிப்பார்கள்.

திங்கட்கிழமை போன் அடிக்கடி செத்துச் செத்துப் பிழைத்தது. உள்ளே துளி இடமில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைச் சோதனைக் கணினியில் செருகி, என் சொந்த டிரைவையும் செருகினேன். போனில் இடம் காலியாகட்டும் என்று, கடைசியாக ‘சாட்சி’யையும் நகலெடுக்காமல் வெட்டி ஒட்டினேன். புத்தி எங்கே போனதோ.

பக்கத்து மேசை ஹாலேஷ் சித்ரான்ன டப்பாவோடு வந்தார். “என்ன மேடம், இன்னிக்கு எத்தன கொல?”

“நூத்திப் பன்னெண்டு. உங்களையும் சேர்த்துக்கவா?”

சிரித்துக்கொண்டே திரும்பினேன். திரையில் பச்சைக் கோடு நிறைந்து மறைந்தது. என் கை தானாகப் போய் டிரைவைப் பிடுங்கிவிட்டது.

வேறு கணினியாக இருந்தால் தப்பித்திருக்கும். இது, ‘எழுதியாச்சு’ என்று முதலில் சொல்லிவிட்டு, விஷயத்தைத் தன் நினைவில் வைத்துக்கொண்டு, சாவகாசமாகத்தான் டிரைவில் எழுதும். சோதனைக்காக அப்படி அமைத்து வைத்தவளே நான்தான்.

மறுபடி செருகினோம். பெயர் இருந்தது. நாற்பத்தொரு நிமிடம் என்றும் காட்டியது.

“அதான் இருக்கே மேடம்! ஏன் முகம் இப்படிப் போச்சு?”

எனக்குத் தெரியும், அது வெறும் கூடு. சாயங்காலம் வரை ஹாலேஷ் போனையும் டிரைவையும் தோண்டிப் பார்த்தார்.

“போன்ல அழிஞ்சது அழிஞ்சதுதான். டிரைவ்ல எழுதவே எழுதாதத நான் எங்கேர்ந்து எடுக்கறது? முக்கியமானதா மேடம்?”

“இல்ல. மிக்சி சத்தம்,” என்றேன். கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

இப்போதும் அதைத்தான் போட்டுக்கொண்டு படுக்கிறேன். முதல் பன்னிரண்டு வினாடி மட்டும் டிரைவில் ஏறிப் பிழைத்திருக்கிறது. குறட்டை ஏறி, மூச்சை உள்ளே இழுத்து, அப்படியே நிற்கிறது. மிச்சம் நாற்பது நிமிடமும் சத்தமில்லாமல் ஓடுகிறது. எல்லாம் தெரிந்தும், அந்த இடம் வந்தால் என் கை பக்கத்தில் நீண்டு தட்டுகிறது. அங்கே தலையணைதான் இருக்கிறது.