தொண்ணூற்றெட்டில் ஐந்து வருடம்

கொல்லம் ஆண்டு 1102, மாசி பதினான்காம் தேதி சனிக்கிழமை, நாகர்கோவில் மிஷன் மைதானத்தில் யோவான் வாத்தியார் அடித்த பந்து ஐந்து வருடம் கீழே விழவில்லை. இங்கிலீஷ் கணக்கில் அது 1927. அன்று வடசேரிச் சந்தையில் வாழைக்குலை வரத்து அதிகம். மைதானத்தில் நாகர்கோவில் அணிக்கும் திருவட்டாறு அணிக்கும் ஆட்டம். யோவான் தொண்ணூற்றெட்டு ரன்னில் நின்றார். இன்னும் இரண்டு ரன் எடுத்தால் நூறு. நிதானமாகத் தட்டி எடுத்திருக்கலாம். அவருக்கு அந்தப் புத்தி கிடையாது. முட்டி போட்டு ஒரே தூக்கு. பந்து புன்னை மரங்களைத் தாண்டிக் கடுகாகி மறைந்தது. எல்லைக்கோட்டருகே திருவட்டாறு அணியின் ததேயுஸ் அதற்கடியில் போய் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார். ததேயுஸ் முட்டம் கடற்கரைக்காரர், வலை இழுத்துப் பழகிய கை. அந்தக் கையிலிருந்து அதுவரை ஒரு பந்தும் நழுவியதில்லை.

பந்து மறுநாளும் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது, மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் செவ்வாய் மாலைக்குள் விழுந்திருக்கும், ஆட்டமும் தீர்ந்திருக்கும். ஆனால் நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு வயல் ஒரு கண் என்றால் வழக்கு ஒரு கண். திருவட்டாறு அணித்தலைவர் பொன்னுலிங்கம் தேங்காய் வியாபாரி. பக்கத்துத் தோப்புக்காரரோடு ஒரு பலாமரத்துக்காகப் பதினோரு வருடம் வழக்காடி, மரம் பட்டுப்போன பிறகும் விடாதவர். ததேயுஸ் அடியில் நிற்பதால் பந்து பிடித்ததற்குச் சமம், யோவான் அவுட் என்று அவர் திங்கட்கிழமையே கோர்ட்டுக்குப் போனார். பந்து கோட்டுக்கு அப்பால் சாய்ந்திருக்கிறது, ஆறு ரன் என்று நாகர்கோவில் அணி எதிர்வழக்குப் போட்டது. வழக்குப் பொருள் தீர்ப்பு வரும்வரை இருந்த நிலையிலேயே இருக்கவேண்டும் என்று உத்தரவாயிற்று. செவ்வாய்க்கிழமை பிற்பகல் கோர்ட்டு ஆமீன் வந்து, ததேயுஸின் பக்கத்தில் நின்று, உத்தரவை மேலே பார்த்து உரக்க வாசித்தார். இரண்டு பனை உயரத்தில் பந்து அப்படியே நின்றுவிட்டது. கட்சிக்காரர்கள் இரண்டு பேரும் கோர்ட்டு வாசல் ஏறாமல் இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் போதும். பொறுத்துப் பழக்கமில்லை.

வருடங்கள் போயின. ததேயுஸ் இடத்தைவிட்டு நகரவில்லை. அவர் நகர்ந்த நேரத்தில் தீர்ப்பு வந்துவிட்டால் என்ன செய்வது? பொன்னுலிங்கத்துக்கு வேறு எவன் கையிலும் நம்பிக்கை இல்லை. 1928இல் முட்டத்திலிருந்து பங்குச் சாமியார் வந்து அங்கேயே அவருக்கும் பூங்கனிக்கும் கல்யாணம் செய்துவைத்தார். தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் கையை இறக்கலாம் என்று அம்பயர் நேசையன் அனுமதி கொடுத்தார். பூங்கனி மைதானத்து ஓரத்தில் ஓலைக்குடிசை போட்டாள். இரண்டு பிள்ளைகள் பிறந்தன. ததேயுஸ் ஏந்திய கையை இறக்காமலே வலை பின்னினார், மழைக்குக் குடை பிடித்தார், கண்ணை மட்டும் பந்திலிருந்து எடுக்கவில்லை. பந்தின்மேல் காக்கை உட்கார்ந்து பார்த்தது, பிறகு அதற்கும் சலித்துப்போயிற்று.

சிரமம் யோவானுக்குத்தான். அவர் அவுட்டும் இல்லை, அவுட் ஆகாதவரும் இல்லை. ஓர் ஆட்டம் முடியாமல் அடுத்த ஆட்டத்தில் மட்டையைத் தொடக்கூடாது என்று நேசையன் சொல்லிவிட்டார். நேசையன் சபையில் உபதேசியார். வேதப்புத்தகத்துக்கு அடுத்தபடி கிரிக்கெட் விதிப்புத்தகத்தை வைத்திருந்தார், சில நாட்களில் வரிசை மாறுவதும் உண்டு. இருபத்தொன்பது வயதில் மட்டையைச் சுவரில் சாய்த்த யோவானுக்கு முப்பத்து நான்கு ஆனது. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தும்போது இங்கிலாந்துப் படத்தில் லண்டன் வந்ததும் குச்சி அங்கேயே நின்றுவிடும். பிள்ளைகள் இருமுவார்கள். ஒருநாளாவது அந்தப் புல்லில் நின்று ஆடவேண்டும் என்பது அவருடைய ஆசை; அதை மனைவி ஜெபகுமாரியிடம் மட்டும் சொல்லியிருந்தார். அதனால் ஊர் முழுக்கத் தெரியும்.

1931 கடைசியில், மறு வருடம் இந்திய அணி இங்கிலாந்து போகிறது, அங்கே முதல்முறையாக டெஸ்ட் ஆட்டம் ஆடப்போகிறது என்று பத்திரிகையில் வந்தது. மீனாட்சிபுரம் காப்பிக்கடையில் அன்றிலிருந்து வேறு பேச்சில்லை. வேகமாகப் பந்து போட வடக்கே இரண்டு பேர் இருக்கிறார்கள், குற்றமில்லை என்றார்கள். நின்று அடிக்கவும் ஆள் உண்டு. மகாராஜாக்கள் தலைவராக வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அங்கத்திய குளிரும் ஈரமும் சேரவேண்டும். எல்லாம் கூட்டிக் கழித்து, யோவான் போனால் ஜெயிக்கலாம், போகாவிட்டால் சந்தேகம் என்று காப்பிக்கடை முடிவு செய்தது. முடிவை எழுதித் தேர்வுக் குழுவுக்குத் தபாலிலும் அனுப்பினார்கள். ஆச்சரியம், பதில் வந்தது. யோவான் கடைசியாக எத்தனை ரன் எடுத்தார், எப்படி அவுட் ஆனார் என்று எழுதவும்; நூறு அடித்தவரானால் நேரே பம்பாய்க்குப் புறப்பட்டு வரலாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே! பந்து தரைக்கு வராமல் ஒரு எழுத்தும் எழுதமாட்டேன் என்றார் நேசையன்.

ஜெபகுமாரி திருவட்டாறுக்கு வண்டி பிடித்துப் போனாள். பொன்னுலிங்கம் தோப்பில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கேஸ ராஜி பண்ணணும். எங்க வீட்டு ஆளுக்கு வயசு போவுது, கேட்டியளா?"

"தங்கச்சி, தோத்துப்போனேன்னு நான் எழுத மாட்டேன்."

"தோக்க வேண்டாம். ரெண்டு பேரும் செயிச்சதா எழுதுங்க. இங்கிலாந்துகாரன் தோக்கட்டும்."

பொன்னுலிங்கத்துக்கு அந்தக் கணக்குப் பிடித்துவிட்டது. மறுநாளே ராஜி மனு தயாராயிற்று. தை மாதம் இரண்டாவது சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு மைதானத்தில் உத்தரவு வாசிக்கப்படும் என்று ஆமீன் சொல்லியனுப்பினார்.

அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. ததேயுஸ் பிடித்தால் யோவான் தொண்ணூற்றெட்டில் அவுட். விட்டால் பந்து கோட்டுக்கு அப்பால் விழும், ஆறு ரன், நூற்று நான்கு, பம்பாய், கப்பல். அந்த வாரம் முழுக்க ததேயுஸின் முன்னால் கூட்டம். பலாப்பழம் கொண்டுவந்தார்கள், அழுதார்கள், நாட்டுப்பற்றைப் பற்றிப் பிரசங்கம் செய்தார்கள். பொன்னுலிங்கமே வந்து காதில், "ஏலே, ஒரு பந்துதானே, கை வழுக்கிட்டுன்னு சொல்லு" என்றார். ததேயுஸின் கண் பந்திலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை பள்ளிக்கூடம் விட்டு யோவான் வந்தார். ஐந்து வருடத்தில் ஒருநாள்கூட அந்தப் பக்கம் வராதவர். பக்கத்தில் நின்று அவரும் பந்தைப் பார்த்தார்.

"மக்கா, நாளைக்கு என்ன செய்யப் போற?"

"நீங்களே சொல்லுங்க சாரே. விடணும்னா விடுதேன். உங்களுக்காக மட்டுந்தான், வேற யாருக்காகவும் இல்ல."

யோவானுக்கு வாய்வரை வந்தது. விடு என்று ஒரு சொல். லண்டன் புல் கண்ணுக்கு முன்னால் விரிந்தது.

"அஞ்சு வருசமா நிக்கியே, விடுததுக்கா நின்ன? பிடிலே. நீ விட்டு நான் கப்பல் ஏறினேன்னா, கப்பல்ல எனக்கு ஒறக்கம் வராது."

ததேயுஸ் அழுதார். கண்ணைத் துடைக்கக் கையை இறக்க முடியாததால் யோவானே தன் வேட்டி நுனியால் துடைத்துவிட்டார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஆமீன் ராஜி உத்தரவை வாசித்து முடித்தார். பந்து சிறிது யோசித்தது. பிறகு விழுந்தது, எல்லாப் பந்தும் விழுகிற வேகத்தில்தான். ததேயுஸ் பிடித்தார். மைதானம் முழுக்க ஒரு பெருமூச்சு. முதலில் கைதட்டியவர் யோவான். தொண்ணூற்றெட்டு, பிடித்தது ததேயுஸ் என்று நேசையன் எழுதி, மை காய ஊதினார். பந்து பட்டால் வலிக்காமலிருக்க ஐந்து வருடமாகக் காலில் கட்டையும் துணியும் கட்டிக்கொண்டு அடுத்து ஆடக் காத்திருந்த ரசலையன் எழுந்து நடக்கப் பார்த்தார், முழங்கால் மடங்கவில்லை. ஆட்டத்தை அடுத்த சனிக்கிழமைக்கு ஒத்திவைத்தார்கள். அன்று மாலை யோவான் வீட்டில் விளக்கேற்றவும் யாருக்கும் மனம் இல்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று ஜெபகுமாரி மாத்திரம் ஒருமுறை சொன்னாள்.

நேசையன் நடந்ததை நடந்தபடி தேர்வுக் குழுவுக்கு எழுதினார். ஒன்றைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பங்குனியில் பதில் வந்தது. தொண்ணூற்றெட்டு அடிப்பவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். ஐந்து வருடம் ஒரு பந்துக்காக நின்று அதை நழுவவிடாதவர் இல்லை. மேற்படி ததேயுஸை உடனே அனுப்பவும். பன்னிரண்டாவது ஆள்.

மறுநாளே காப்பிக்கடை, பிடிக்கிற கை இல்லாமல் ஜெயித்த அணி எது என்று முதலிலிருந்தே தாங்கள் சொல்லிவந்ததாகச் சாதித்தது. ததேயுஸ் போகமாட்டேன் என்றார். யோவான் தனக்காகத் தைத்து வைத்திருந்த கம்பளிக் கோட்டை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார். போட்டுவிட்டார். கை நான்கு விரல் குட்டை. "போயிட்டு வா மக்கா. என்ன நெறம் அந்தப் புல்லுன்னு மட்டும் வந்து சொல்லு" என்றார். ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலி போகும் மோட்டாரில் ததேயுஸை ஏற்றினார்கள். ஐந்து வருடமாக அண்ணாந்தே இருந்ததால் எதிரில் நின்றவர்கள் முகம் அவருக்கு அடையாளம் தெரியவில்லை; குரலை வைத்து ஒவ்வொருவரிடமும் விடைபெற்றார்.

ஆட்டம் தொடர்ந்தது. திருவட்டாறு அணிக்கு ஓர் ஆள் குறைந்தது. மாற்று ஆள் கேட்டார் பொன்னுலிங்கம். அவுட் ஆகிச் சும்மா இருந்தவர் யோவான்தான். எதிரணிக்காக அவர் போய் ததேயுஸ் நின்ற இடத்தில் நின்றார். அங்கே இரண்டு காலடிக் குழி கணுக்கால் ஆழத்துக்கு இருந்தது. அவற்றில் கால் வைத்து, அந்த இடத்தில் நிற்பவன் செய்யவேண்டியபடி அண்ணாந்து பார்த்தார். ஐந்து வருடம் ஒரே இடத்தைப் பார்த்துப் பார்த்து ததேயுஸ் வானத்தைத் தேய்த்திருந்தார். சுளகு அளவுக்கு அது மெலிந்து, அந்தப் பக்கம் தெரிந்தது. முதல் சனிக்கிழமை கடலும் ஒரு கப்பலின் மேல்தட்டும் தெரிந்தன. குட்டைக் கோட்டோடு ததேயுஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். யோவான் இதை நேசையனிடம் சொன்னார். நேசையன் வந்து பார்த்து, விதியில் இதற்குத் தடை இல்லை என்றார்.

ஆனி மாதச் சாரலில் ஊர் முழுக்க வானம் மூடிக் கிடந்தபோதும் அந்தச் சுளகு அளவு மட்டும் வெளுத்திருந்தது. டெஸ்ட் ஆட்டம் தொடங்கிய சனிக்கிழமை, இங்கே மாடு தொழுவம் திரும்பும் நேரம், அங்கே பகல். பச்சை நிறத்தில் புல். நம் வயலில் நாற்று பிடித்த பத்தாம் நாள் நிறம் என்று யோவான் உரக்கச் சொன்னார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை, இரண்டும்தான். முதல் அரைமணியில் மூன்று வெள்ளைக்காரர்கள் அவுட் ஆனபோது மைதானத்தில் எழுந்த கூச்சலில் புன்னைப்பூ உதிர்ந்தது. ஆளுக்கு ஒரு ஓவர் என்று முறை வைத்துப் பார்த்தார்கள். திங்களும் செவ்வாயும் நம்மவர்கள் சறுக்கினார்கள். நூற்றைம்பத்தெட்டு ரன்னில் தோல்வி. பத்திரிகை வந்தபோது யாரும் வாங்கவில்லை.

எல்லாரும் போன பிறகு லண்டன் மைதானத்தில் ததேயுஸ் தண்ணீர் வாளியை எடுக்க வந்தார். பழக்கதோஷம், அண்ணாந்தார். மேலே யோவான் தெரிந்தார்.

"சாரே! அங்க என்ன செய்யுதியோ?"

"ஒனக்குப் பதில் நிக்கேன் மக்கா. சாப்பிட்டியா?"

"வெறும் ரொட்டி. ஒறப்பு புளி ஒண்ணும் கெடையாது. சாரே, ஒரு கணக்கு. நூத்தம்பத்தெட்டுல தோத்தோம். ஒங்க தொண்ணூத்தெட்டையும் கொண்டு வந்திருந்தா அறுவதுலதான் தோத்திருப்போம்."

யோவான் இதைக் கேட்டு அடைந்த சந்தோஷம் அவர் கல்யாணத்தன்றும் அடைந்ததில்லை. ஜெபகுமாரியே பின்னாளில் இதைச் சொல்லிச் சிரிப்பாள்.

அடுத்த சனிக்கிழமை பூங்கனி நெத்திலிக் கருவாட்டை வறுத்து வாழைச்சருகில் பொதிந்து கொண்டுவந்தாள். யோவான் அதை வாங்கி, கை ஓங்கி, மேலே எறிந்தார். பொதி போய்க்கொண்டே இருந்தது. பாதியில் ஒரு குலுக்குக் குலுக்கி அந்தப் பக்கமாக விழத் தொடங்கியது. ததேயுஸ் இரண்டடி பின்னால் நகர்ந்து பிடித்தார். பூங்கனி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குடிசைக்குப் போனாள். நேசையன் அடுத்த ஓவரைப் போடச் சொன்னார்.