நெனாடுக்கு ஒரு மணை

நெனாட் தன் கல்யாணத்துக்கு வந்திருந்தான். அங்கே அவனை யாரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

இது அவனுக்குப் புதிதல்ல. எங்கே போனாலும் ஒரு நாற்காலி குறையும். பல வருஷமாக வேலை பார்க்கிற ஆபீசிலேயே மேனேஜர் தினமும் திடுக்கிட்டு எழுந்து, "யார் வேணும்?" என்பார். பெற்ற அம்மா சாயங்காலம் அவனைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, அவசரமாக இன்னும் கொஞ்சம் அரிசி போடுவாள்.

எல்லாம் அந்தப் பேர் படுத்துகிற பாடு. அப்பா பலவேசம் தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். இனி அவருக்குப் பிள்ளை இல்லை என்று ஊரே கைகழுவிய பிறகு பிறந்தவன் இவன். அப்போது சரக்கு இறக்க வந்த குரோஷியா மாலுமி ஒருத்தன், "எதிர்பாராமல் வந்த பிள்ளைக்கு எங்க ஊரில் நெனாட் என்று வைப்போம். அர்த்தமே அதுதான்" என்றானாம். பலவேசத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சுடலைமுத்து, இசக்கிமுத்து என்று எத்தனை பேர் கிடக்க, கப்பலில் வந்ததைப் பிடித்துக்கொண்டார் மனுஷன்!

மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு பெண்ணின் தாய்மாமன் லிங்கத்துரை நின்றார்.

"யாருவே நீரு?"

"மாப்பிள்ளை, மாமா."

"மாப்பிள்ளையை எதிர்பார்த்துத்தாம்வே நிக்கேன். பேரு?"

"நெனாட்."

"அப்ப நீரு இல்ல. நான் எதிர்பார்த்து நிக்கையில நெனாட் எப்படிவே வர முடியும்?"

"எதிர்பார்க்காம இருங்களேன்!"

"பன்னீரைக் கையில வச்சுக்கிட்டா?"

நியாயம்தான். அதுதான் அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

பின்வாசலைத் தேடிப் போனான். நடக்க நடக்கச் சுவர் நீண்டது. ஊர் தாண்டி முத்தையாபுரம் வரை போய் வளைந்து வந்தது. பந்தி ஜன்னலில் எட்டிப் பார்த்தான். அவனுடைய முகூர்த்தமே இலை முன்னால் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தது.

"இந்த டம்ளர் முடிஞ்சதும் கிளம்பிருவேன் தம்பி. அடுத்த மண்டபம் இருக்கு" என்றது.

சீ, என்ன பிழைப்பு இது!

அடுத்த ஜன்னலில் அருள்கனி. பட்டுடுத்தி, மாலை போட்டு, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உலகத்தில் அவனைக் கண்டு திடுக்கிடாத ஒரே ஆள் அவள்தான். அதற்காகவேதான் அவளைக் கட்டிக்கொள்ள வந்திருந்தான்.

"கனி, நீ எதிர்பார்க்கிற வரைக்கும் நான் உள்ளே வர முடியாது."

"நாலு வருஷமா அது ஒண்ணைத்தானே செஞ்சுக்கிட்டிருக்கேன்!"

"தெரியும்."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கெட்டிக்காரி. கண்ணை மூடிக்கொண்டாள். "அவரு வரமாட்டாரு" என்றாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். முதலில் பொய்யாகத்தான் சொன்னாள். போகப் போகக் குரல் உடைந்தது. மாலையைக் கழற்றினாள். "பன்னீரைக் கொட்டிருங்க மாமா, யாரும் வரமாட்டாங்க" என்று கத்திவிட்டு நிஜமாகவே அழுதாள். ஜன்னலுக்கு வெளியே நெனாட் 'போதும் கனி' என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் கெட்டது காரியம்.

லிங்கத்துரை பன்னீரைச் சாக்கடையில் ஊற்றினார். வாசல் காலியானது. சுவர் பழையபடி சுருங்கியது. நெனாட் உள்ளே போனான்.

அவள் மணமேடையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒரு மணைதான் போட்டிருந்தது. அவனைக் கண்டதும் திடுக்கிட்டு எழுந்தாள்.

"யார் வேணும்?"

"நீதான்."

பந்தியில் முகூர்த்தம் டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அருள்கனி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மாமாவிடம் இன்னொரு மணை போடச் சொன்னாள்.