உதட்டுச் சிவப்பு

பாங்கின் பழைய ராணுவச் சீருடைக்கு அன்று காலையிலும் அவர் மனைவி லாய்தான் இஸ்திரி போட்டாள். புத்தாண்டு கழிந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், பழைய பீரங்கிப் படைக்காரர்கள் கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் ஊரில் ஓர் உணவகத்தின் மாடியில் கூடுவது வழக்கம். அங்கே குடியேறியதிலிருந்து பாங் ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை. கம்யூனிஸ்டுகளிடம் சைகோன் விழுந்தபோது அவர் தோற்ற படையில் லெப்டினன்ட். அதன் பிறகு மறுகல்வி முகாம் என்ற பெயரில் ஆறு வருடம் காட்டுச் சிறை. இந்த நாட்டுக்கு வந்து, ஓய்வு பெறும்வரை ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தவர், அந்த ஒரு மதியம் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். மைக் அவர் கையில்தான் இருக்கும்.

கொடி வணக்கமும் செத்தவர்களுக்கான மௌனமும் முடிந்து, ஆவியில் வெந்த மீன் மேசைக்கு வந்ததும் யாராவது குரல் கொடுப்பார்கள். அன்றும் கொடுத்தார்கள்.

“பாங் அண்ணே, அந்த உதட்டுச்சாயக் கதைய எடுத்து விடுங்க!”

“கேட்ட கதைதானேப்பா” என்று கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டு பாங் தொடங்கினார். “நாங்க முகாம்ல மரவள்ளிக் கிழங்குக்கு நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கிடக்கோம். ரெண்டு வருஷம் கழிச்சு முதல் தடவையா பொண்டாட்டி பாக்க வர்றா. கண்ணீரும் கம்பலையுமா வந்து நிப்பான்னு பாத்தா, கல்யாண வீட்டுக்குக் கிளம்பின மாதிரி உதடு செக்கச்செவேல்னு இருக்கு! விடுவனா நான்? ‘இது யாருக்குடி, எனக்கா, இந்தக் காவக்காரனுக்கா?’ன்னு கேட்டேன். அம்மா வாயத் திறக்கணுமே!”

கூடம் சிரித்துக் குலுங்கியது. லாய் எப்போதும்போலத் தலையைக் குனிந்து பக்கத்தில் இருந்தவருக்குச் சூப்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கடைசி மேசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். பெயர் மியென். அவள் கணவனும் அதே முகாமில் கிடந்து, அங்கேயே காய்ச்சலில் செத்தவன். ஹூஸ்டனில் மகன் வீட்டில் இருந்தவள், இந்தக் கூட்டத்துக்கு அப்போதுதான் முதல் தடவையாக வந்திருந்தாள்.

“அண்ணே, பாதிக் கதையில நிறுத்திட்டீங்களே. மீதிய நான் சொல்லட்டுமா? நானும் லாயும் முகாமுக்கு ஒரே ரயில்லதான வந்தோம்.”

“அடடே, வாங்க வாங்க!” பாங் தாமே நடந்துபோய் மைக்கை அவள் கையில் கொடுத்தார்.

“வேணாம், மியென்” என்றாள் லாய். கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை.

“வறுத்த பன்னிக்கறி, சீனி, கருவாடுன்னு ஒரு பை நிறையக் கொண்டுவந்தாளே, அண்ணே. அதெல்லாம் ரத்தம் வித்து வாங்கினது. ஒரு தடவ குடுத்தா ரொம்ப நாளைக்குத் திரும்பி வரக் கூடாதும்பாங்க ஆஸ்பத்திரியில. இவ வேற பேரச் சொல்லி மறுபடியும் போய்க் குடுத்தா. முகாமுக்குப் பக்கத்துல வந்ததும் மயக்கம் போட்டு விழுந்துட்டா. உதடு சாம்பல் பூத்துக் கிடந்துச்சு. ‘இந்த மூஞ்சியோட போய் நின்னா அவரு உடைஞ்சு போயிருவாரு’ன்னு, ஊதுபத்திக் கட்டச் சுத்தியிருந்த சிவப்புத் தாளக் கிழிச்சு, எச்சில் தொட்டு உதட்டுல தேச்சா. அதான் அந்தச் சாயம்.”

அவள் சிரித்த முகமாகத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் குழம்பிப்போய் லாயைப் பார்த்தாள். “அண்ணனுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்.”

மைக்கைத் திரும்ப வாங்க நீட்டிய கையோடு பாங் அப்படியே நின்றார். அந்தக் கதையில் அவரும் ஒன்றை மறைத்தே வந்திருந்தார். அன்று அவளை அப்படிக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாரே தவிர, பையை வேண்டாம் என்று சொல்லவில்லை. பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு, பக்கத்துப் பாய்க்காரனுக்குக்கூடக் கொடுக்காமல் அந்தக் கறியைத் தின்றார்.

அதோடு விட்டாரா? லாய் நல்ல ஆடை உடுத்தும்போதெல்லாம் “யாருக்காம்?” என்பார். அழகு நிலையத்தில் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் நகச்சாயம் பூசிச் சம்பாதித்தவள் தன் மகள் கல்யாணத்துக்குக்கூட உதட்டில் ஒன்றும் பூசவில்லை. ‘என் பொண்டாட்டி அடக்கமானவ’ என்று அவர் பெருமையடித்துக்கொண்டு திரிந்தார்.

அவருக்குக் கண் அறுவை நடந்ததிலிருந்து லாய்தான் கார் ஓட்டுவாள். வீடு திரும்பும் வழியில் பாதி தூரம் போனதும் கேட்டார்.

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா அந்தக் கறியச் சாப்பிட்டிருப்பீங்களா?”

தொட்டிருக்கவே மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். அது பொய். அந்த நாட்களின் பசி அவருக்குத் தெரியும். யாருடைய ரத்தம் என்று தெரிந்திருந்தாலும் தின்றிருப்பார்.

“சாப்பிட்டிருப்பீங்க” என்றாள் லாய், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். “சாப்பிடத்தான கொண்டுவந்தேன். அதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. பசிச்ச மனுஷன் என்ன வேணாலும் பேசுவான், அதயும் விட்டுட்டேன். ஆனா இங்க வந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு, வருஷா வருஷம் மைக்கப் பிடிச்சு...”

அவர் “லாய்...” என்றார். “பேசாம வாங்க. லாரி வருது” என்றாள்.

மறு வருடம் கூட்டத்துக்கு அழைப்பு வந்தபோது பாங் முடியாது என்றார்.

“ஏங்க, நீங்க போகலேன்னா அந்தப் பேச்சுதான் அங்க ஓடும். இன்னும் எத்தன வருஷம் என்னப் பத்திப் பேசணும் அவங்க? கிளம்புங்க” என்றாள் லாய்.

சாதாரணச் சட்டையில் போனார். மைக் வேறொருவர் கையில் இருந்தது. கதை சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. எதிரே வந்தவர்களெல்லாம் “சவுக்கியமா, அண்ணே?” என்று நோயாளியைக் கேட்பதுபோல மெல்லக் கேட்டார்கள். ஒருவன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். யாராவது ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது பாங்குக்கு. உட்கார்ந்து, தட்டில் வைத்ததையெல்லாம் தலை நிமிராமல் தின்று முடித்தார்.