முன் அனுபவம்

“திருவாளர் செல்லதுரை அவர்களுக்கு” என்று செவ்வந்தி வாசிக்க ஆரம்பித்ததும், நடவு முடித்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அம்சம் செம்பைக் கீழே வைத்தாள்.

“தாங்கள் மதுரம் அரிசி ஆலையில் பதினோரு ஆண்டுகள் நெற்களத் தொழிலாளியாகப் பணியாற்றியுள்ளதால், ஆலை மீண்டும் திறக்கப்படுவதை முன்னிட்டு, தங்களை நிரந்தரமாகப் பணியில் அமர்த்த…”

செல்லதுரை கயிற்றுக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். “இன்னொரு தரம் படி.”

மகள் படித்தாள். பதினோரு ஆண்டுகள் என்ற இடம் வந்தபோது குரல் இறங்கிவிட்டது. அம்மா பக்கம் பார்க்காமல் படித்து முடித்தாள்.

“யாருக்கு வந்துருக்கு?” என்றாள் அம்சம்.

“எனக்குத்தான். பேரு போட்டுருக்கில்ல?”

“களத்து வேலைன்னும் போட்டுருக்கே. நீங்க எப்ப களத்துல நின்னீங்க?”

செல்லதுரை சற்று யோசித்தான். பொய் சொல்லும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. “இன்ஸ்பெக்டர் வந்தன்னிக்கெல்லாம் நின்னேனே” என்றான்.

அது உண்மைதான்.

நீடாமங்கலம் ஸ்டேஷனுக்கு மேற்கே இருந்த அந்த மில்லில், அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி, உச்சி வெயிலில் காலால் துழாவிக் காயவைத்தவர்கள் இருபத்தேழு பேர். இருபத்தேழும் பெண்கள், ரயில் பாதைக்குத் தெற்கே இருந்த காலனித் தெருக்காரர்கள். பெண்ணின் பெயர் பதிவேட்டில் ஏறினால் பிரசவத்துக்குச் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. முதலாளி சட்டத்துக்குப் பயந்தவர். அதை மீற மனமில்லாமல், பெண்கள் யாருமே வேலை செய்யவில்லை என்று எழுதிவிட்டார். அவரவர் புருஷன் பெயர் பதிவேட்டில் ஏறியது. வருஷத்துக்கு இரண்டு தடவை பேக்டரி இன்ஸ்பெக்டர் வருவார். அன்றைக்குப் பெண்களை உமிக் கொட்டகையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போடுவார்கள். புருஷன்மார் களத்தில் வந்து வரிசையாக நிற்பார்கள். செவ்வந்தியை வயிற்றில் சுமந்துகொண்டு, உமித் தூசியில் தும்மலை அடக்கியபடி அம்சம் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். ஆக, செல்லதுரையின் பதினோரு வருஷ சர்வீஸ் என்பது இருபத்திரண்டு நாள்.

பிறகு நிலத் தகராறு வந்தது. கூலிக்காக ஊருக்கு ஊர் கொடி ஏறியது. அறுப்பு நின்றது, அறுத்த நெல்லும் வண்டி ஏறாமல் கிடந்தது. ஏறியதில் ஒரு பங்கை லெவி என்று சர்க்கார் எடுத்துக்கொண்டது. ஊரில் ஒன்பது மில் புகைபோக்கிகள் இருந்தன. ஒன்றரை வருஷத்தில் ஏழு அணைந்தன. முதலாளி மெட்ராசில் சினிமாக் கொட்டகை வைக்கப் போனார். மூட்டை தூக்கியவர்களும் அவர் போன அதே ரயிலில், வேறு பெட்டியில் ஏறிப் போனார்கள். ஸ்டேஷன் ரோட்டில் ஒரு டீக்கடைதான் மிஞ்சியது, அதிலும் கடன் சொல்லித்தான் குடித்தார்கள். காலனிப் பெண்கள் மறுபடியும் வயலில் இறங்கினார்கள். நான்கு வருஷம் கழித்து, நலிந்த ஊரைத் தூக்கி நிறுத்தும் திட்டம் என்று ஒன்று வந்து, கூட்டுறவுச் சங்கம் மில்லை எடுத்துக்கொண்டது. பழைய தொழிலாளிகளுக்கே முதலிடம் என்று உத்தரவு. நல்ல உத்தரவு, யார் பழைய தொழிலாளி என்று பார்க்கப் பழைய பதிவேடுதான் இருந்தது.

மறுநாள் காலையில் அம்சம் மில் ஆபீசுக்குப் போனாள். கண்ணாத்தாளும் கூடப் போனாள். கண்ணாத்தாளின் புருஷன் இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அதில் மூன்று வருஷம் அவனும் களத்தில் வேலை செய்ததாகப் பதிவேடு சொன்னது. அவனுக்கும் கடிதம் வந்திருந்தது.

தனி அதிகாரி வாஞ்சிநாதன் மன்னார்குடிப் பக்கத்துக்காரர். ஒரு காலத்தில் குடும்பத்துக்கு நிலம் இருந்தது, இப்போது அவருக்கு உத்தியோகம் இருந்தது. பெண்களை உட்காரச் சொன்னார். அவர்கள் உட்காரவில்லை.

“சார், நெல்லு காயவச்சது நாங்க” என்றாள் அம்சம்.

“இருக்கலாம்மா. நான் இல்லேன்னு சொல்லலை. ரெக்கார்டுல உங்க பேரு இல்லையே.”

அம்சம் வலது காலைத் தூக்கி உள்ளங்காலைக் காட்டினாள். அது வெடித்து, கறுத்து, செருப்புத் தோல்போல் இருந்தது.

வாஞ்சிநாதன் பார்த்தார். சங்கடத்தோடுதான் பார்த்தார். “காலை ஃபைல்ல வைக்க முடியாதும்மா” என்றார்.

“எங்க வூட்டுக்காரரு செத்துட்டாருங்க” என்றாள் கண்ணாத்தாள்.

“அப்ப அந்த இடம் காலாவதி.” சொன்ன பிறகு, “பாவம்” என்று சேர்த்துக்கொண்டார்.

திறப்பு விழாவுக்கு ஒரு மந்திரி வந்தார். உழைத்த கைகளுக்கே இனி வேலை என்று முக்கால் மணி நேரம் பேசினார். வரிசையில் நின்ற இருபத்தாறு ஆண்களுக்கும் மாலை போட்டார். ஆரத்தி எடுக்க மட்டும் பெண்களைக் கூப்பிட்டிருந்தார்கள். கண்ணாத்தாளைக் கூப்பிடவில்லை. அம்சம் தட்டைச் சுற்றிச் செல்லதுரை நெற்றியில் பொட்டு வைத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் புகைபோக்கியைப் பார்த்தான். புகை வந்துகொண்டிருந்தது. ஊரே சந்தோஷப்பட்டது, அவளுக்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

குறுவை நெல் வந்து குவிந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் செல்லதுரை கொப்புளித்த காலோடு வந்து உட்கார்ந்தான்.

“அம்சம், நெல்லு காஞ்ச பதம் எப்படித் தெரியும்?”

“ரெக்கார்டுல பாருங்க.”

“சும்மா சொல்லு. பல்லுல கடிச்சுப் பாப்பியே, எப்படி இருக்கணும்?”

“பதினோரு வருஷம் கடிச்சவருக்கு நான் என்ன சொல்றது?”

அந்தச் சாயங்காலம் காலனியில் இருபத்தாறு வீடுகளிலும் ஏறக்குறைய இதே பேச்சுதான் நடந்தது. பெண்கள் கூட்டம் போடவில்லை, தீர்மானமும் எழுதவில்லை. நடவு வயலில் நாற்று முடியைப் பிரித்துக்கொண்டே கண்ணாத்தாள் ஒரே ஒரு தடவை சொன்னாள்: “யாரும் சொல்லிக் குடுக்காதீங்கடி.” அவ்வளவுதான்.

ஆறாம் நாள் அரைத்ததில் பாதி குருணையாக வந்தது. ஒரு பக்கம் காய்ந்து நொறுங்கியது, இன்னொரு பக்கம் ஈரத்தில் புழுங்கி நாறியது. கொள்முதல்காரர்கள் மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார்கள். இப்படியே போனால் மாதக் கடைசியில் மறுபடியும் பூட்டு என்று தஞ்சாவூர்த் தலைமை ஆபீசிலிருந்து கடிதம் வந்தது.

வாஞ்சிநாதன் சைக்கிளில் வயலுக்கே வந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார்.

“வாங்கம்மா, மில்லுக்கு. தினக்கூலிக்கு எடுத்துக்கறேன்.”

பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டே இருந்தார்கள். அம்சம் மட்டும் நிமிர்ந்தாள்.

“யாரு பேர்ல சார்?”

“இப்போதைக்கு… அவா அவா வீட்டுக்காரர் பேர்லயே வச்சுக்கலாமே. உங்களுக்கும் பழகினதுதான்.”

“வேணாம் சார். எங்க பேரு எழுதுங்க. கண்ணாத்தா அக்கா பேரையும் எழுதணும். இல்லாட்டி வயலு இருக்கு எங்களுக்கு.”

“எனக்கு அந்த அதிகாரம் கிடையாதும்மா.”

“அதிகாரம் இருக்கறவங்களுக்கு எழுதிப் போடுங்க. இன்னும் பத்து நாள் நடவு இருக்கு, நாங்க எங்கயும் போயிடமாட்டோம்.”

அவர் எழுதினார். நியாயமாகவே எழுதினார். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. இருபத்தேழு பெண்களையும் சொந்தப் பெயரிலேயே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பதிவேட்டில் இல்லாதவர்கள் என்பதால் அவர்கள் புதிய ஆட்கள், முன் அனுபவம் இல்லை. ஆண்களோ பதினோரு வருஷ அனுபவமுள்ள நிரந்தரத் தொழிலாளிகள், நீக்க முடியாது. ஆகவே புதியவர்களுக்கு மூன்று மாதம் பயிற்சி அளிக்கும் பொறுப்பு அவர்களுடையது. ஒவ்வொரு பெண்ணுக்கும் தினம் ஒரு சீட்டு. அதில் இரண்டு கட்டம்: பயிற்சி அளித்தவர், பயிற்சி பெற்றவர். இருவரும் அதில் கையெழுத்திட வேண்டும். பயிற்சி அளிக்கக் கணவன் இல்லாத கண்ணாத்தாளைச் செல்லதுரையே கூடுதலாகப் பார்த்துக்கொள்வான்.

“இதுக்கு ஒத்துக்கறதா?” என்று கண்ணாத்தாள் கேட்டாள்.

“பேரு ஏறட்டும்க்கா. மத்ததை உள்ள போயிப் பாத்துக்கலாம்” என்றாள் அம்சம்.

முதல் நாள் காலை ஆண்கள் நிழலில் நின்றுகொண்டார்கள். அம்சம் களத்தில் இறங்கி நடுவில் போய் நின்றாள். திரும்பிச் செல்லதுரையைப் பார்த்தாள்.

“வாங்க. கத்துக் குடுங்க.”

யாரோ சிரித்தார்கள். செல்லதுரை சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். அவள் முன்னால் துழாவிக்கொண்டு போக, அவன் பின்னால் துழாவிக்கொண்டு போனான். குதிகாலை ஊன்றாமல் முன்காலால் நெல்லைத் தள்ள வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, அவனாகப் பார்த்துக்கொண்டான். வெயில் ஏறியதும் அவன் நடை மாறியது. இரண்டு தடவை சுவரோரம் போய்க் காலை ஆற்றிக்கொண்டு வந்தான்.

“பொம்பளைங்க ஒருத்தியும் இப்படிப் போயி நிக்கலியே, எப்படி?” என்றான்.

“போனா அரைநாள் கூலி புடிப்பாங்க.”

அவன் திரும்பித் துழாவப் போனான். மத்தியானம் அவள் ஒரு நெல்லை எடுத்து அவன் கையில் வைத்தாள். கடித்தான். “மெத்துன்னு இருக்கு.” இன்னும் அரைமணி கழித்து ஒன்று கொடுத்தாள். கடக்கென்று உடைந்தது. “இதுதான்” என்றாள். கண்ணாத்தாள் உடனே நெல்லைக் கூட்டிக் குவிக்கச் சொல்லிக் குரல் கொடுத்தாள். அன்றைய அரிசியில் குருணை இல்லை.

சாயங்காலம் சீட்டு வந்தது. குமாஸ்தா பேனாவை முதலில் செல்லதுரையிடம் நீட்டினார். அவன் பயிற்சி அளித்தவர் என்று போட்டிருந்த கட்டத்தை எழுத்துக்கூட்டிப் படித்தான். அடுத்த கட்டத்தையும் படித்தான். பயிற்சி பெற்றவர் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை அம்சத்திடம் கொடுத்தான்.

“நீ அந்தப் பக்கம் போடு.”

அவள் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, மகளிடம் கற்றிருந்த நான்கு எழுத்தையும் கட்டத்துக்கு வெளியே போகாமல் எழுதினாள்.

மறுநாள் வாஞ்சிநாதன் கூப்பிட்டார். “கட்டம் மாறிப்போச்சுப்பா.”

“இல்லைங்க சார்” என்றான் செல்லதுரை. “நான் பாத்துதான் போட்டேன்.”

வாஞ்சிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். தணிக்கைக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். சிவப்பு மையால் இரண்டு அம்புக்குறி போட்டு, பெயர்களை இடம் மாற்றி, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார்.

அடுத்த நாளும் சீட்டு அப்படியே வந்தது. அதற்கடுத்த வாரம் பதினாறு சீட்டுகள் அப்படி வந்தன. மாதம் முடிவதற்குள் இருபத்தேழும் அப்படித்தான் வந்தன. வாஞ்சிநாதன் தினமும் சாயங்காலம் உட்கார்ந்து ஐம்பத்திநான்கு அம்புக்குறி போட்டார். மூன்றாவது மாதத் தொடக்கத்தில், சிவப்பு மை தீர்ந்துவிட்டது, உடனே அனுப்பவும் என்று தஞ்சாவூருக்கு எழுதினார். எதற்கு இவ்வளவு என்று அங்கிருந்து விளக்கம் கேட்டார்கள்.