யாருக்குப் பிறந்தநாள்

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. தளிகை போட்டு, வந்திருந்த நாற்பது பேரும் கோவிந்தா சொல்லிக்கொண்டிருந்தபோது பெல் அடித்தது. நெற்றியில் நாமத்தோடு போய்க் கதவைத் திறந்தேன். நகராட்சி அதிகாரி. தெருவெல்லாம் எங்கள் விருந்தாளிகளின் கார்கள்.

"மிஸ்டர் கோபாலசாமி? மனுவில் உங்கள் பெயர் இருந்தது. எதிர்வீட்டில் கூட்டம் நின்றுவிட்டதா?"

எதிர்வீட்டு ஏலி யூதர். சனிக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் அவர் வீட்டில் கூடிப் பிரார்த்திப்பார்கள். அன்று வண்டி ஓட்டக்கூடாதென்பதால் நடந்தேதான் வருவார்கள். பத்துப் பேர் சேராமல் அவர்களுக்கு முழுப் பிரார்த்தனை கிடையாதாம். ஏலியின் தொண்ணூறு வயது அப்பாவால் இரண்டு மைல் தள்ளியிருக்கும் சினகாக்குக்கு, அதாவது அவர்களுடைய ஜெபக்கூடத்துக்கு, நடக்க முடியாது, அதனால்தான் வீட்டில். குடியிருப்பில் ஆள் கூட்டி வழிபாடு நடத்த அனுமதி வேண்டும் என்ற சட்டத்தைத் தெருவில் ஒருவர் தோண்டியெடுத்து மனுவோடு வந்தார். என் மனைவி வள்ளி வேண்டாமென்றாள்.

"கிரீன் கார்டு வர்ற நேரம். லா பக்கம் நிக்கறதுதான் சேஃப்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

கூட்டம் கூடாதென்று நகராட்சிக் கடிதம் வந்த அன்றே ஏலி நாற்காலிகளை மடித்து கராஜில் அடுக்கிவிட்டார். கோர்ட்டுக்குப் போகலாமே என்றேன், பெரிய யோக்கியன் மாதிரி.

"போவேன். தீர்ப்பு வரும்வரை கீழ்ப்படிவேன். வாழும் நாட்டின் சட்டம் எங்களுக்கும் சட்டம், அது எங்கள் மார்க்கத்தின் விதி" என்றார். பிறகு, "அந்தச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் எங்கள் பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள்" என்றார். நான் தலையாட்டினேன். எனக்குக் கூசவேயில்லை.

"நின்றுவிட்டது" என்றேன் அதிகாரியிடம். உள்ளே மறுபடி கோவிந்தா எழுந்தது. அவர் எட்டிப் பார்த்தார்.

"உங்கள் வீட்டில் என்ன விசேஷம்?"

"பர்த்டே பார்ட்டி."

வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

"ஹூஸ் பர்த்டே, அப்பா?" என்றாள் மகள் வெண்பா.

"ஏங்க, பெருமாளை வச்சுக்கிட்டே இப்படிச் சொல்றீங்களே" என்றாள் வள்ளி. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கதவைச் சாத்தப் போனேன். ஏலி வீட்டு டிரைவ்வேயை அடைத்துக்கொண்டு எங்கள் ஆள் ஒருவரின் வேன் நின்றது. சனிக்கிழமை அவங்க வண்டி எடுக்க மாட்டாங்க, அங்கேயே போடுங்க என்று காலையில் சொன்னவன் நான்தான். வேனுக்குப் பின்னால், போர்ச்சில் ஒரே ஒரு நாற்காலி. கிழவர் வெள்ளைப் பிரார்த்தனைப் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்தியிருந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஏலி என்னைப் பார்த்துக் கையசைத்தார்.